விலை மிகும் இடங்களும் மிகா இடங்களும்

ஆன்டிவைரஸ் சந்தாவைப் புதுப்பிக்கையில் விலை சில இடங்களில் மிகும். சில இடங்களில் மிகாது. சில இடங்களில் மிக்கும் மிகாமலும் வரும். இந்த மூன்றாவதை உறழ்ச்சி என்பர் இலக்கணத்தார். ஆஃபர் என்பர் வணிகத்தார்.

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, 31 ஆண்டுகள், வல்லினம் மிகும் இடங்களை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் மாணவர்கள் அந்த விதிகளைக் கைக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊரிலுள்ள கடைப்பலகைகளே சாட்சி. ஒற்றுத்தான் விதி தவறுகிறதே ஒழிய, விலை தவறுவதில்லை. இதை ஓய்வுக்குப் பின் மடிக்கணினி ஒன்று வாங்கிய இரண்டாம் ஆண்டில் கண்டுகொண்டேன். முதல் ஆண்டில் 549 ரூபாய்க்குக் காவல் காத்த மென்பொருள், மறு ஆண்டு அதே காவலுக்கு 1,999 ரூபாய் கேட்டது. காவல் கூடவில்லை. என் கணினியில் களவு போகத்தக்க பொருளும் கூடவில்லை. பேரனின் படங்களும், அச்சேறாத இரண்டு கட்டுரைகளும்தான் இருந்தன. கூடியது நாங்கள் இருவரும் பழகிய காலம் மட்டுமே. இதற்கு நூற்பா இல்லாததால் நானே செய்தேன்:

புதியோர்க் கிரங்கலும் பழையோர்ப் பிழிதலும்
சந்தா வணிகர் சால்பெனப் படுமே.

‘பழையோர்ப் பிழிதல்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. பணம் அப்படி மறையவில்லை, வெளிப்படையாகவே போனது. இந்த நூற்பா எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் பொருந்தாது. அண்ணாச்சி, பழகிய முகத்துக்குத்தான் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார்; புதிதாக வந்தவர் கேட்டால் பார்வையாலேயே விலை சொல்வார். மென்பொருள் வணிகத்தில் இது தலைகீழ். புதியவருக்குக் கொசுறு, பழையவருக்குக் கறிவேப்பிலையின் கதி.

வரலாறு சொல்லாமல் விதி சொல்லுதல் மரபன்று. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தொற்றிய முதல் வைரஸ் எனப்படும் ‘பிரெய்ன்’, 1986-இல் லாகூரில் கணினிக் கடை நடத்திய அண்ணன் தம்பி இருவர் எழுதியது. தாங்கள் செய்த மருத்துவ மென்பொருளை யாரும் திருட்டுப் பிரதி எடுக்கக் கூடாது என்பது நோக்கமாம். அதற்காக வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்தார்கள். கன்னம் வைத்த சுவரிலேயே விசிட்டிங் கார்டை ஒட்டிவிட்டுப் போன அந்தப் பண்பாடு பிற்பாடு இத்தொழிலில் அருகிவிட்டது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1991-இல் நார்ட்டன் ஆன்டிவைரஸ் வந்தது. நம் பக்கத்திலும் மருத்துவர்கள் தோன்றினர்: புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் குவிக் ஹீலை உண்டாக்க, சென்னையில் கேசவர்தனன் கே7-ஐ உண்டாக்கினார். நோயைச் செய்தவர்களும் அண்ணன் தம்பி, மருந்தைச் செய்தவர்களும் அண்ணன் தம்பி. இதை ஆராய வேறொரு நூல் வேண்டும்.

வைரஸ் நாளும் புதிதாகப் பிறக்கிறது. ஆகவே அதை அடையாளம் காட்டும் பட்டியலும் நாளும் புதிதாக வேண்டும். ஆண்டுச் சந்தா என்பது அந்தப் பட்டியலுக்கான கூலி. கூலி கேட்பதில் குற்றமில்லை. ஒரே வேலைக்கு ஆளைப் பார்த்துக் கூலி சொல்வதைத்தான் இந்நூல் ஆராய்கிறது. இனி மிகும் இடங்கள்.

மறதி அச்சம் மடியென் மூன்றின்
பின்னர் வரூஉம் விலைமிகல் இயல்பே.

மடி என்பது சோம்பல். மடிக்கணினி என்ற சொல்லில் வரும் மடி எந்த மடி என்று என் அக்கா மகன் ஒருமுறை கேட்டான். தொடை என்றேன். என் கணினியைப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருக்கிறது என்றான்.

முதலாவது மறதி. வாங்கும் நாளில் ‘தானாகப் புதுப்பித்தல்’ என்ற கட்டத்தில் குறி முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். இலக்கணப்படி இது தன்வினை போல் தோன்றும் பிறவினை: புதுப்பிப்பவர் அவர், புதுப்பிக்கப்படுவது நம் வங்கிக் கணக்கு. சில நிறுவனங்கள் காலம் முடியும் நாள்வரை காத்திருப்பதும் இல்லை. பல நாள் முன்னதாகவே பணத்தை எடுத்துவிடுவார்கள், கல்யாணத்துக்கு முதல் நாளே பந்தியில் உட்கார்ந்த உறவினர் போல. இதுபற்றிய பழம்பெரும் வழக்குகள் உண்டு. 2009-இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர், வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாமல் சந்தாவைப் புதுப்பித்துப் பணம் எடுத்ததாக, நார்ட்டனை விற்ற சிமான்டெக், மெக்காஃபி இரண்டின்மேலும் நடவடிக்கை எடுத்தார். தலைக்கு 3,75,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டன. 2021-இல் பிரிட்டனின் போட்டி ஒழுங்காற்று அமைப்பிடம் மெக்காஃபியும் நார்ட்டனும் ஓர் உறுதி கொடுத்தன: தானாகப் புதுப்பித்த பிறகு வேண்டாம் என்பவருக்கு, பயன்படுத்தாத மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவோம் என்று. பிரிட்டனில் அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது. இந்தியாவில் உள்ளவர்கள் அந்த உறுதியை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம், நான் எழுதியிருக்கிறேன்.

நமக்கு வேறொரு தெய்வம் இருக்கிறது. அட்டையிலிருந்து தானாகப் போகும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதி 2021 அக்டோபர் முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரவேண்டும். அந்த அறிவிப்பிலேயே வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஓடிபி கட்டாயம். அந்த வரம்பு அப்போது 5,000 ரூபாயாக இருந்து, 2022-இல் 15,000 ஆயிற்று. நம் ஆன்டிவைரஸ் விலைகள் இந்த வரம்புக்குள் அடக்கமாக உட்கார்ந்துவிடுவதால் நமக்கு ஓடிபி என்னும் காவல் இல்லை. அந்த ஒரு குறுஞ்செய்தி மட்டுமே உண்டு. அதுவோ கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, மூட்டுவலியா என்னும் பதினேழு செய்திகளுக்கு நடுவில் வந்து சேரும். வாங்கிய நாளன்றே கணக்குக்குள் போய் அந்தக் குறியை எடுத்துவிடுவதே இதற்கு மருந்து. கட்டிய ஆண்டுக்கான காவல் அதனால் நின்றுவிடாது. முடியும் தேதியைத் தினசரி நாட்காட்டியில் எழுதி வைக்கலாம். ராசிபலன் பார்க்கும் வீட்டில் அது கண்ணில் படாமல் போகாது.

இரண்டாவது அச்சம். இதுவே பெரிய இயல்.

அச்சம் நிறத்தால் மூவகைப்படும். முடிய அறுபது நாள் இருக்கையில் வலது கீழ்மூலையில் பச்சை எழும்பி, ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்னும். முப்பது நாளில் மஞ்சள் வந்து, ‘உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது’ என்னும். ஏழு நாளில் சிவப்பு. அப்போது சொல்வது குறைவு, ஆச்சரியக்குறி மிகுதி. அப்பெட்டியை மூடும் பெருக்கல் குறி, எறும்பின் காலளவு இருக்கும். மூடினால் ‘வேண்டாம், நான் ஆபத்தை ஏற்கிறேன்’ என்ற வாசகத்தைத் தொட்டுத்தான் வெளியேற வேண்டும். ஏதோ பத்திரத்தில் கையெழுத்திட்டது போல அன்றிரவு உறக்கம் வராது. இவ்வகைக் கைவேலைகளுக்கு நடுவணரசே இலக்கணம் எழுதியிருக்கிறது என்று அறிந்தபோது, இத்துறையில் நான் தனியனல்லன் என்று மகிழ்ந்தேன். 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தின் ஏய்ப்பு உத்திகளைப் பதின்மூன்று வகையாகப் பிரிக்கின்றன. பொய்யான அவசரம், வெட்கப்படுத்திச் சம்மதிக்க வைத்தல், சந்தாப் பொறி, ஓயாத நச்சரிப்பு, துளித்துளியாக விலையைக் காட்டுதல் எல்லாம் அதில் உண்டு. மேற்சொன்ன சிவப்புப் பெட்டி ஒன்றே இவற்றில் மூன்றுக்கு உதாரணமாகும். உரையாசிரியர் ஒருவர் கிடைத்தால் ஐந்துக்கும் காட்டுவார்.

அச்சத்தின் பிள்ளை போலி. அது முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என மூன்று.

முதற்போலி உலாவியிலிருந்து வருவது. ஏதோ ஒரு தளத்தில், சமையல் குறிப்பு தேடும்போது, ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா’ என்று கேட்டிருக்கும். நாமும் மரியாதைக்கு அனுமதித்திருப்போம். அதன்பின் நாள்தோறும் மூலையில், நம்மிடம் இல்லாத ஆன்டிவைரஸின் சந்தா முடிந்துவிட்டதாகச் செய்தி வரும். உலாவியின் அமைப்புகளில் போய் அந்த அனுமதியை நீக்கினால் போதும், வைரஸ் தானே குணமாகிவிடும்.

இடைப்போலி மின்னஞ்சலில் வருவது. புகழ்பெற்ற ஒரு பெயரைப் போட்டு, ‘உங்கள் சந்தா 399 டாலருக்குப் புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழைக்கவும்’ என்று ரசீது அனுப்புவார்கள். அழைத்தால் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பணத்தைத் திருப்பிப் போட்டோம், தவறி ஒரு சுழியம் அதிகமாகிவிட்டது, மிச்சத்தை அனுப்புங்கள் என்று கெஞ்சுவார்கள். அழுகையும் உண்டு. இங்கே விலை மிகுவதோடு நிற்காமல் கணக்கே காலியாகும். அப்படி ஆனால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்; நேரம் கடந்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும். ரசீது மெய்யா பொய்யா என்று அறிய அதிலுள்ள எண் உதவாது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதே வழி.

கடைப்போலி, பெயருக்கேற்ப, கடையிலிருந்து வருவது. 1,999 ரூபாய்ச் சாவியை 99 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லும் தளங்கள் உண்டு. ஒரே சாவியைப் பலருக்கு விற்பார்கள். அல்லது வேறொரு நாட்டுக்கு விதித்த சாவியாக இருக்கும், இங்கே திறக்காது. சில நாள் இயங்கிவிட்டு நின்றுபோவதும் உண்டு. திருடனிடமிருந்து காக்கும் பூட்டைத் திருடனிடமே வாங்குவது கூடாது என்று இதற்கு நூற்பா எழுதத் தொடங்கி, இத்தனை தெளிவான விஷயத்துக்கு நூற்பா எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது மடி. கணக்குப் பார்க்கச் சோம்பும் இடத்தில் விலை மிகும் என்பது இதன் பொருள். இங்கே ஒருமை பன்மை மயக்கம் ஒன்று உண்டு. ஒரு கணினி வைத்திருப்பவரைப் பத்துக் கருவிகளுக்கான சந்தாவுக்கு இழுப்பார்கள். கருவிக்குக் கணக்கிட்டால் மலிவு என்பார்கள். பத்துப் பேர் பந்திக்கான இலை மலிவுதான், சாப்பிட ஒருவர்தான் இருக்கிறார். மாறாக மூன்று கணினி உள்ள வீட்டில் மூன்று தனிச் சந்தா கட்டுவாரும் உளர். மூவர் சந்தாவாக ஒன்றே வாங்கினால் பெரும்பாலும் குறையும். அடுத்தது அடுக்குத்தொடர்: விபிஎன், பாஸ்வேர்டு காப்பகம், வேகமூட்டி என்று ஆண்டுதோறும் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். இலக்கணத்தில் அடுக்குத்தொடர் நான்குக்கு மேல் போகாது. பிறகு சாரியை. சொல்லுக்கும் உருபுக்கும் நடுவில் தனக்கெனப் பொருளின்றி வந்து நிற்பது சாரியை. காட்டிய விலைக்கும் கட்டிய தொகைக்கும் நடுவில் வந்து நிற்பது 18 சதவீத ஜிஎஸ்டி. 1,999 ரூபாய்க்கு 359 ரூபாய் 82 காசு. இதைத் தவிர்க்க முடியாது. விலைகளை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் சாரியையோடுதான் ஒப்பிடுகிறோமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி மிகா இடங்கள். இவ்வியலுக்கு ஆசிரியன் நானல்லன், ரிச்சி தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் என் அக்கா மகன். 1,999 கேட்ட பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் வந்து சேர்ந்தான்.

“மாமா, ரினியூவலை ஏன் அமுக்கறீங்க? புது பாக்ஸ் ஒண்ணு வாங்கி அந்தக் கீயைப் போடுங்க.”

“அதே மென்பொருள்தானேடா?”

“மென்பொருள் அதேதான். நீங்கதான் வேற. ரினியூவல்னா பழைய கஸ்டமர், பாக்ஸ்னா புது கஸ்டமர்.”

“நான் ஒரே ஆள்தானே?”

“அது அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

இத்தனை எளிய விதியை 31 ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பெட்டியில் சுரண்டினால் சாவி வரும். அவன் கொடுத்த விலை 600 ரூபாய்க்குள். ஆனால் இது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவிதியாகாது. சிலர் புதுச் சாவியைப் பழைய கணக்கிலேயே ஏற்பார்கள். சிலர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்வார்கள். இங்கேதான் எச்சவியல் வருகிறது. சந்தா முடிய இன்னும் 23 நாள் இருக்கும்போது புதுச் சாவி இட்டால் அந்த 23 நாள் என்னவாகும்? சிலர் புதிய ஆண்டோடு கூட்டிக் கொடுப்பர். அது கூடி முடியும் நாளெச்சம். சிலர் விழுங்கிவிடுவர், அது முடியாமல் முறிந்த நாளெச்சம். பெட்டியின் பின்புறத்திலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்காமல் சாவியை இடக் கூடாது. கூட்டுவோரிடம் தள்ளுபடி வரும்போதே முந்தி வாங்கலாம். விழுங்குவோரிடம் கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டும். என் 23 நாளை விழுங்கினார்கள். அதுதான் எனக்குத் தெரிந்த விதம்.

பெட்டி வேண்டாதோர்க்கு இன்னொரு மிகா இடம் பிரிவு. சந்தாவை ரத்து செய்யும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினால் நிறுவனத்துக்குப் பிரிவாற்றாமை தோன்றும். ‘போகிறீர்களா?’ என்று ஒரு திரை. ‘ஏன் போகிறீர்கள்?’ என்று ஒரு திரை. காரணப் பட்டியலில் ‘விலை அதிகம்’ என்பதைத் தொட்டால், கைவளை கழலும் ஓசை கேட்கும். பெரும்பாலும் ஒரு தள்ளுபடி வந்து நிற்கும். பொருள்வயின் பிரிவு என்பதற்கு இத்தனை நேரடியான உதாரணம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை. ஊடலின் கால அளவு முக்கியம்: இரண்டாம் திரையிலேயே மயங்குபவருக்குக் குறைவாகவும், கடைசித் திரைவரை போகிறவருக்கு மிகுதியாகவும் குறைப்பார்கள். தள்ளுபடியை ஏற்றதும் தானாகப் புதுப்பித்தல் என்ற குறி மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்.

விலை உறழும் இடம், வேறு நிறுவனத்துக்கு மாறுதல். அங்கே நாம் புதியோர், இரக்கம் கிடைக்கும். ஆனால் மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மாறாமல் இருப்பதும் கூடும். அவாஸ்ட் 2016-இல் ஏவிஜியை 130 கோடி டாலருக்கு வாங்கியது. அவிராவை நார்ட்டன் நிறுவனம் வாங்கியது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் சேர்ந்து ஜென் டிஜிட்டல் என்றாயின. ஆக நார்ட்டனோடு சண்டை போட்டு அவாஸ்டுக்கும், அங்கிருந்து கோபித்துக்கொண்டு ஏவிஜிக்கும், விரக்தியில் அவிராவுக்கும் போனவர் ஒரே வீட்டின் நாலு திண்ணையில் மாறி மாறி உட்கார்ந்தவரே. வேற்றுமையில் மாறுவது உருபு, பெயர் மாறுவதில்லை.

எஞ்சியது விலையில்லா இடம். இதில் இரு கட்சி உண்டு. ஒரு சாரார், இலவசமெல்லாம் இலவசம் என்பர். அது பொருந்தாது. விலையில்லாப் பொருளில் விலை தொக்கி நிற்கும், விரித்தால்தான் தெரியும். இலவச ஆன்டிவைரஸால் பெயர்பெற்ற அவாஸ்ட், பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் வழியே விற்றதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவற்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு, யார் யார் எப்போது வந்து போனார்கள் என்று தெருமுனையில் விற்றாராம்.

மறு சாரார், விண்டோஸுக்குள்ளேயே உள்ள டிஃபெண்டர் ஒன்றே போதும் என்பர். 2009-இல் இலவசமாகத் தனியே கொடுத்த மருந்தை மைக்ரோசாஃப்ட் 2012-இல் வந்த விண்டோஸ் 8-க்குள்ளேயே குழைத்துவிட்டது. அதன் விலை கணினி விலையிலேயே தொக்கிவிட்டது, ஏற்கெனவே கட்டியாயிற்று. தொடக்கத்தில் அதை எல்லோரும் எள்ளினர். பின்னர் ஜெர்மனியின் மக்டபர்க்கில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சோதனைகளில் காசு வாங்குவோரோடு சமமாக அது மதிப்பெண் வாங்கத் தொடங்கியது. வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் அது ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் திரும்பி வரும். ஆகவே சந்தாவைப் புதுப்பிக்காமல் நீக்கிவிட்டால் கணினி அம்மணமாக நிற்கும் என்பது சிவப்புப் பெட்டியின் கூற்றே அன்றி நூல் வழக்கன்று. கடிதம் எழுத, படம் பார்க்க, மின்கட்டணம் கட்ட மட்டும் கணினி வைத்திருக்கும் என்போன்றோர்க்கு இக்கட்சியே வலியது என்பது என் துணிபு. அலுவலகக் கணக்கு வைத்திருப்போர், கண்டதையெல்லாம் இறக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் காசு கொடுத்தே காத்துக்கொள்ளலாம். ஐயம் வந்தால் துப்புரவு செய்து பார்க்க மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரம் 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது. குவிக் ஹீலும் கே7-ம் அதற்கு உதவியிருக்கின்றன. அவை ஒருமுறை துடைக்கும் துடைப்பம். வாசலில் நிற்கும் காவலாகா.

ஆனால் காவலுக்கு முந்தியது கதவு. 2017 மே மாதம் வான்னக்ரை உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் ஒட்டு மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. அது காசில்லாதது, இரண்டு மாதம் ‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளிவைத்தவர்கள்தாம் பெரும்பாலும் அகப்பட்டார்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஒட்டுகள் நின்றன. ஒட்டுப் பெறாத கணினிக்கு 1,999 ரூபாயில் சந்தா புதுப்பிப்பது, கூரை போன வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்குவது.

புறனடை. அக்கா மகன் கொடுத்த பெட்டிக்குள் சாவியட்டையோடு ஒரு சிடியும் இருந்தது. என் மடிக்கணினியில் சிடி போடும் இடமே இல்லை. அவனைக் கேட்டால், “அது சும்மா மாமா, பாக்ஸ் கனமா தெரியணும்ல” என்றான். அதை வீட்டுக்காரி வாங்கி, நூல் கட்டி, மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டாள். வெயிலில் பளபளவென்று சுற்றுகிறது. வடகத்தின் பக்கம் புறா வருவதில்லை. அணில் மட்டும் வருகிறது.